முட்டு வருத்தமும் நெஞ்சுக்குள் குடியிருக்கும் நுண்ணங்கிகளும்

மருதமுனையில் கைத்தறிச் சத்தம் கேட்கும் ஒழுங்கையொன்றில் வசிக்கும் தாயொருவர், எமது சுயதொழிற் குழுவின் கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் வாசற்படியில் சற்று நேரம் குந்தியிருந்து, மூச்சை மீட்டுக்கொண்ட பின்னரே உள்ளே வருவார். வயது ஐம்பத்தெட்டு. பீடியோ சுருட்டோ வாழ்நாளில் தொட்டறியாதவர். பத்து வருடமாக அவருக்கு முட்டு. ஒருநாள் தமது மருந்துப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்தவை பெரும்பாலும் வெறும் குளிசை அட்டைகள். அமொக்சிசிலின், அசித்றோமைசின், சிப்றோபுளொக்சசின் என்று பெயர்களை வாசித்து எண்ணிப் பார்த்தோம். ஒரு வருடத்துக்குள் ஒன்பது தடவை நுண்ணுயிர்க் கொல்லி எடுத்திருக்கிறார். அவற்றில் இரண்டுக்கு மாத்திரமே வைத்தியரின் சீட்டு இருந்தது.

“குளிசை போட்டா நாலு நாளைக்கு நல்லம், பாதர். பொறகு பழையபடி இழுக்கத் தொடங்கிரும். கிருமி சாகுதில்ல போல” என்றார்.

கிருமி சாகவில்லை என்று அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அது எந்தக் கிருமி, அது எப்படி அங்கே குடிவந்தது, அதைக் கொல்வதுதான் வழியா என்ற கேள்விகளுக்கு வைத்திய உலகம் கடந்த இருபது வருடங்களுக்குள்தான் ஓரளவு தெளிவான விடைகளைக் கண்டிருக்கிறது. எமது கிராமங்களில் வேலை செய்வோர் அவற்றை அறிந்திருப்பது நல்லது. இந்தக் கரையோரத்தில் ஒன்பது அட்டைகள் கொண்ட பைகள் பல வீடுகளில் இருக்கின்றன.

முதலில் ஒரு சொல் விளக்கம். முட்டு, இழுப்பு, தொய்வு என்று நாம் சொல்லும்போது குறைந்தது மூன்று வேறு நோய்களை ஒரே பெயரால் அழைக்கிறோம். ஒன்று ஆஸ்மா. பெரும்பாலும் சிறு வயதிலேயே தொடங்கும்; வரும், போகும்; இடைநாட்களில் மூச்சு வழமைபோல இருக்கும். மற்றது நாட்பட்ட சுவாசத் தடை நோய். நாற்பது வயதுக்குப் பிறகு மெல்ல மெல்ல வந்து, முற்றாக விலகாமல் தங்கிவிடும். மூன்றாவது, கசம் போன்ற நோயொன்று வந்து மாறிய பின் சுவாசக் குழாய்கள் தொய்ந்து விரிந்து, அவற்றுக்குள் சளி தேங்குவது. மூன்றிலும் இருமல், மூன்றிலும் சளி, மூன்றிலும் இழுப்பு. ஆனால் மருந்து ஒன்றல்ல.

எங்கள் பள்ளிக்காலச் சுகாதாரப் பாடத்தில், வாயிலும் குடலிலும் தோலிலும் நுண்ணங்கிகள் வாழ்கின்றன, ஆரோக்கியமான சுவாசப்பைக்குள் எதுவுமில்லை என்று படித்தோம். பெரிய வைத்திய நூல்களும் அப்படித்தான் கூறின. 2007இல் அமெரிக்காவில் மனித உடலின் நுண்ணங்கிகளைக் கணக்கெடுக்கும் பெருந்திட்டம் ஆரம்பமானபோது, மாதிரி எடுக்கவெனத் தெரிந்தெடுத்த உடற்பகுதிகளில் சுவாசப்பை சேர்க்கப்படவில்லை. இந்த நம்பிக்கைக்குக் காரணம் பழைய ஆய்வுகூட முறைதான். சளியை எடுத்து, ஊட்டமுள்ள தட்டில் இட்டு, என்ன முளைக்கிறது என்று பார்ப்பார்கள். தட்டில் முளைக்க மறுக்கும் நுண்ணங்கிகள் ஏராளம். கூட்டத்தில் பேசியவர்களை மட்டும் எண்ணிவிட்டு, மற்றவர்கள் சமூகமளிக்கவில்லை என்று அறிக்கை எழுதுவது போன்றது அது. (கூட்ட அறிக்கை எழுதும் எமது ஊக்குவிப்பாளர்கள் இதை நன்கு விளங்கிக்கொள்வார்கள்.)

பின்னர், நுண்ணங்கிகளை வளர்க்காமலே அவற்றின் மரபணுவை வாசித்து இனங்காணும் முறை வந்தது. 2010இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வில்லியம் குக்சன், மிரியம் மொஃபற் ஆகியோரின் குழு இம்முறையால் சுவாசக் குழாய்களைப் பரிசோதித்து முடிவை வெளியிட்டது. ஆரோக்கியமானவர்களின் குழாய்களிலும் நுண்ணங்கிகள் இருந்தன. குழாயின் ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பில் சராசரியாக 2000 அளவில். ஆரோக்கியமானவர்களிடம் வாயில் சாதாரணமாக வாழும் பிறிவொற்றெல்லா போன்ற சாதுவான இனங்கள் கூடுதலாக இருந்தன. ஆஸ்மாவும் சுவாசத் தடை நோயும் உள்ளவர்களிடம் அவை குறைந்து, ஹீமோபிளஸ் முதலிய இனங்கள் மிகுந்திருந்தன. பரிசோதிக்கப்பட்டவர்கள் 43 பேர் மட்டுமே. சிறிய ஆய்வுதான். ஆயினும் அதன் பின் வந்த பல ஆய்வுகள் இதே திசையைக் காட்டியிருக்கின்றன.

ஹீமோபிளஸ் இன்புளுவென்சா என்ற பெயருக்குப் பின்னால் ஒரு பிழை இருக்கிறது. 1892இல் ஜேர்மனியரான றிச்சர்ட் பைஃபர், இன்புளுவென்சாக் காய்ச்சல் வந்தவர்களின் சளியில் இப் பக்றீரியாவைக் கண்டு, காய்ச்சலுக்குக் காரணம் இதுவே என்று அறிவித்தார். உண்மைக் குற்றவாளியான வைரஸ் 1933இல் மனிதரில் இனங்காணப்பட்டது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. நோயாளியின் நெஞ்சில் ஒரு கிருமியைக் கண்டதும் அதுதான் நோயைத் தந்தது என்று முடிவுகட்டுவது எவ்வளவு அவசரமான காரியம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

ஆரோக்கியமான சுவாசப்பைக்குள் இவை எவ்வாறு போகின்றன? நாம் உறங்கும்போது, தெரியாமலே, வாயின் ஈரம் துளித்துளியாகக் குழாய்க்குள் இறங்குகிறது. அதனுடன் நுண்ணங்கிகளும் இறங்குகின்றன. மூச்சுக் காற்றோடும் சில வருகின்றன. வந்தவை தங்குவதில்லை. குழாயின் உட்சுவரில் நெல் நாற்றைப் போல நெருங்கி நிற்கும் நுண்ணிய பிசிர்கள், மேலே படர்ந்த மெல்லிய சளிப் படலத்தை ஓயாமல் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. நாம் அதை அறியாமல் விழுங்கிவிடுகிறோம். ஆழத்தில் எஞ்சியவற்றைக் காவற்கலங்கள் விழுங்குகின்றன. வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரை எவரும் அங்கே காணிபிடித்துக் குடியேற முடியாது. கல்முனை பஸ் நிலையத்தில் எந்நேரமும் சனம் நிற்கிறது. ஆனால் அங்கே யாரும் வீடு கட்டிக்கொண்டு இருப்பதில்லை.

இனி, வடிச்சல் வாய்க்கால் அடைபட்ட வயலை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் தேங்குகிறது, புல் மண்டுகிறது. புல்லுக்கு மருந்து அடிக்கலாம். சில நாட்களுக்கு வயல் வெளிச்சமாகத் தெரியும். வாய்க்கால் அடைபட்டபடியே இருந்தால் அடுத்த முறை முளைப்பது அந்த மருந்துக்குச் சாகாத புல்லாக இருக்கும்.

சுவாசக் குழாயின் வடிச்சலை அடைப்பது பிரதானமாகப் புகையும் தூசும்தான். புகை பிசிர்களை முடமாக்குகிறது. சளியைக் கூட்டித் தடிப்பாக்குகிறது. காவற்கலங்களின் விழுங்கும் சக்தியைக் குறைக்கிறது. இப்படித் தேங்கிய சளியில் நுண்ணங்கிகள் குடியேறுகின்றன. அவற்றை எதிர்க்க வெண்குருதிக் கலங்கள் படைபடையாக வந்து, கிருமியை அழிக்கும் நொதியங்களைக் கக்குகின்றன. அந்த நொதியங்கள் கிருமியோடு குழாய்ச் சுவரையும் பிசிர்களையும் சேர்த்து அரிக்கின்றன. பிசிர் அழிய, சளி இன்னும் தேங்கும். சளி தேங்க, கிருமி இன்னும் பெருகும். லண்டனில் பீற்றர் கோல் என்ற வைத்தியர் 1980களில் இதை ஒரு தீய வட்டம் என்று விபரித்தார். வட்டத்துக்குத் தொடக்கம் எது, முடிவு எது என்று சொல்வது கடினம்.

அந்தத் தொடக்கத்தைப் பற்றித்தான் வைத்தியர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள். 1952 டிசம்பரில் லண்டன் நகரை நிலக்கரிப் புகை மூடி, சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அக்காலத்து ஆங்கில வைத்தியர் பலர், சளியும் அதில் பெருகும் கிருமிகளுமே மூச்சு அடைப்பைக் கொண்டுவருகின்றன என்று நம்பினர். பின்னர் சார்ள்ஸ் பிளெச்சரும் றிச்சர்ட் பீற்றோவும் லண்டனில் வேலைசெய்த 792 ஆண்களை எட்டு வருடங்கள் தொடர்ந்து அளந்து, 1977இல் தம் முடிவை வெளியிட்டனர். மூச்சின் பலம் விரைந்து குறைவதற்குப் புகைத்தலே காரணம், சளித் தொற்று அல்ல என்றனர். கிருமி குற்றமற்றதென விடுதலையானது; ஏறக்குறைய இருபத்தைந்து வருடங்கள் அந்தத் தீர்ப்பே நின்றது.

வழக்கு மறுபடி திறக்கப்பட்டது 2002இல். நியூயோர்க் மாநிலத்து பஃபலோ நகரில் சஞ்சய் சேதியும் அவரது குழுவினரும் 81 நோயாளிகளை மாதாமாதம் வரவழைத்து, நலமாக உள்ளபோதும் நோய் கூடியபோதும் சளியைச் சோதித்தார்கள். நலமான நாட்களிலும் சளியில் கிருமி இருந்தது. ஆகவே கிருமி இருக்கிறதா என்று கேட்பது போதாது, புதிதாக ஒன்று வந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். பழகிய கிருமி இனத்திலேயே புதிய வகையொன்று வந்து சேர்ந்த வேளைகளில் 100க்கு 33இல் நோய் கூடியது. அப்படி வராதபோது 100க்கு 15இல் மட்டுமே. பழைய குடியிருப்பாளனோடு உடல் ஒருவாறு சமாளித்து வாழ்கிறது. அந்நியன் வந்ததும் சண்டை மூள்கிறது.

சாதாரண தடிமனும் இந்தச் சண்டையை மூட்டலாம். இம்பீரியல் கல்லூரியினர், சம்மதித்து முன்வந்தவர்களுக்குத் தடிமன் வைரஸைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சுவாசத் தடை நோயுள்ளவர்களின் சளியில் பதினைந்தாம் நாளளவில் பக்றீரியா ஆறு மடங்காகியது. ஹீமோபிளஸே அதில் முன்னின்றது. நோயற்றவர்களிடம் அப்படி நிகழவில்லை. மழைகாலத் தடிமன் மாறி இரண்டு கிழமைக்குப் பின் முட்டு மோசமாகிறது என்று எமது வயோதிபர்கள் சொல்வதை நாம் பெரிதாக எடுப்பதில்லை. அவர்கள் கணக்கு சரியானதே.

நுண்ணங்கிகள் எல்லாமே பகை என்று இதிலிருந்து கொள்ளக்கூடாது. அமெரிக்காவின் அமிஷ், ஹற்றறைற் என்ற இரு சமூகத்தினர் 16ஆம் நூற்றாண்டின் ஒரே சமயச் சீர்திருத்த அலையில் பிறந்த தூரத்து உறவினர். உணவும் வாழ்வும் ஏறக்குறைய ஒன்றே. அமிஷ் மக்கள் குதிரையோடும் மாட்டோடும் பழைய முறையில், வீட்டோடு ஒட்டிய தொழுவத்துடன் விவசாயம் செய்கிறார்கள். ஹற்றறைற் மக்கள் இயந்திரங்களால் செய்கிறார்கள். அவர்களது பிள்ளைகள் தொழுவத்துத் தூசை அவ்வளவாகச் சுவாசிப்பதில்லை. அமிஷ் பிள்ளைகளில் 100க்கு ஐவருக்கு ஆஸ்மா, மற்றவர்களில் 100க்கு 21 பேருக்கு என்று 2016இல் வந்த ஆய்வுக் கட்டுரை கூறியது. அமிஷ் வீட்டுத் தூசில் நுண்ணங்கிகளின் கூறுகள் கூடுதலாக இருந்தன. அவை பிள்ளைகளின் நோயெதிர்ப்பைப் பழக்கியிருக்கின்றன. ஆகவே பிள்ளை மாட்டுப்பட்டியடியில் விளையாடுகிறது என்று பயப்பட வேண்டாம். அதே பிள்ளை குசினிப் புகைக்குள் இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும்.

நுண்ணுயிர்க் கொல்லிக்கு வருவோம். அது வேண்டாம் என்பது என் கருத்தல்ல. கனடாவின் வினிபெக் நகரில் நிக்கலஸ் அந்தோனிசன் குழுவினர் 1987இல் வெளியிட்ட ஆய்வு இன்றுவரை வைத்தியர்களுக்கு வழிகாட்டுகிறது. நோய் கூடியபோது பாதிப் பேருக்கு உண்மை மருந்தும் பாதிப் பேருக்கு மருந்தில்லாத குளிசையும் கொடுத்தார்கள். உண்மை மருந்து எடுத்தோரில் 100க்கு 68 தடவை நலம் கிடைத்தது. மருந்தில்லாத குளிசைக்கும் 100க்கு 55 தடவை கிடைத்தது! “குளிசை போட்டா நல்லம்” என்று அந்தத் தாய் சொன்னதில் பெரும்பகுதி, குளிசை இல்லாமலே வந்திருக்கக்கூடிய நலம். உண்மையான பயன் மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது: மூச்சு முட்டல் வழமையை விடக் கூடுதல், சளியின் அளவு கூடுதல், சளி மஞ்சளாக அல்லது பச்சையாக மாறுதல். இவற்றுள் நிறமாற்றம் முக்கியமானது. பச்சை நிறம் கிருமியின் நிறமன்று. கிருமியோடு போராட வந்த வெண்குருதிக் கலங்களில் உள்ள நொதியத்தின் நிறம். ஆகவே வைத்தியரிடம் போகும்போது “சளி” என்று மட்டும் சொல்லாமல், எத்தனை நாளாக, என்ன நிறம், முன்னர் என்ன நிறம் என்று சொல்லப் பழக வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிலருக்கு வைத்தியர்களே அசித்றோமைசினை ஒரு வருடம் வரை தினமும் கொடுப்பதுண்டு. 2011இல் அமெரிக்காவில் 1142 பேரிடம் செய்த ஆய்வில், அடிக்கடி நோய் கூடுவது வருடத்துக்கு 1.83 தடவையிலிருந்து 1.48 ஆகக் குறைந்தது. ஆனால் மருந்து எடுத்தோரில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் அதிகம். மருந்துக்கு அசையாத கிருமிகளும் அவர்களிடம் அதிகம் தோன்றின. இருதயத்தையும் காதையும் சோதித்துப் பார்த்து வைத்தியர் கொடுக்க வேண்டிய ஒன்றை, நாமாகப் போய் மூன்று குளிசை, ஐந்து குளிசை என்று சில்லறையாக வாங்குவது முற்றிலும் வேறு விடயம். சட்டப்படி அதற்குச் சீட்டு வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் அதை அறிவார்கள்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரிது. சிப்றோபுளொக்சசின், லீவோபுளொக்சசின் வகை மருந்துகள் கசக் கிருமியையும் ஓரளவு தாக்கும். முற்றாக அழிக்காது. கசம் உள்ளவர் இதை எடுத்தால் இருமல் சில நாள் தணியும். நோய் மறைந்திருந்து வளரும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பரவும். கடைசியில் கண்டுபிடிக்கும்போது மருந்துக்கு அடங்காத நிலையிலும் இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நின்றால் முட்டு என்று தீர்மானிக்குமுன் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது அதனால்தான்.

மருதமுனைத் தாயை நாங்கள் நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். சளியில் கசம் இல்லை. குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையில் சுவாசத் தடை நோய் என்று தெரிந்தது. அவரிடம் முன்னரே கொடுக்கப்பட்டிருந்த, கருவியில் இட்டு இழுக்க வேண்டிய தூள் கப்சூல்களை இரண்டு வருடமாகத் தண்ணீரோடு விழுங்கி வந்திருக்கிறார் என்பதும் அன்றுதான் வெளிவந்தது. யாரும் அவருக்கு இழுத்துக் காட்டியிருக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நானும் பல மாதமாக அவரைக் கூட்டங்களில் கண்டும் கேட்கவில்லை.

பம்ப் விடயத்தில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆஸ்மாவுக்கு ஸ்ரெறோயிட் கலந்த தடுப்புப் பம்ப் உயிர்காக்கும் மருந்து. அதை நிறுத்தவே கூடாது. சுவாசத் தடை நோயில் அதே மருந்து சிலருக்கு நன்மை தந்தாலும், நியூமோனியா வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. 2007இல் வெளிவந்த பெரிய பன்னாட்டு ஆய்வொன்றில், மருந்தில்லாப் பம்ப் பாவித்தோரில் 100க்கு 12 பேருக்கும், ஸ்ரெறோயிட் கலந்த கூட்டு மருந்து பாவித்தோரில் 100க்கு ஏறக்குறைய 20 பேருக்கும் நியூமோனியா கண்டது. மகனின் பம்பை வாப்பாவும், மருமகளின் பம்பை மாமியும் இரவல் வாங்குவது எமது வீடுகளில் சாதாரணம். இரு நோய்களையும் பிரித்தறியாமல் அப்படிச் செய்யக்கூடாது. இந்தப் பம்பை எடுத்த பின் வாயை நன்றாகக் கொப்பளிக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் வாயில் வெண்பங்கசு படரும். தொழுகைக்கு வுழூச் செய்யப் போகுமுன் பம்பை எடுத்துவிட்டால் கொப்பளிப்பது மறக்காது என்று அந்தத் தாயின் மகளே ஒரு வழி சொன்னாள். எனக்கு அது தோன்றவில்லை.

நோன்பு மாதத்தில் பலர் பம்பை முற்றாக நிறுத்திவிடுகிறார்கள். பம்ப் நோன்பை முறிக்குமா என்பதை மௌலவிமாரிடம் கேட்க வேண்டும். அது என் துறையல்ல. காலையும் மாலையும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை சஹர் வேளையிலும் நோன்பு திறந்த பின்னும் எடுக்கலாம் என்பதை மட்டும் சொல்லலாம். நோன்பு தொடங்குமுன்பே வைத்தியரோடும் மௌலவியோடும் பேசிக்கொள்வது நல்லது. எபிரேய மொழியில் காற்றுக்கும் மூச்சுக்கும் ஆவிக்கும் றூவா என்ற ஒரே சொல். அதன் உடன்பிறப்புத்தான் இவர்கள் சொல்லும் றூஹ். மூச்சைக் காப்பது பற்றி இரு வேதத்தாரும் பேசிக்கொள்ளச் சிரமம் இருக்காதென்றே நினைக்கிறேன்.

மிஞ்சியது குசினி. அந்தத் தாயின் குசினிக்குள் நான் போனபோது கண் எரிந்தது. தகரக் கூரை, ஒரே கதவு, ஈரப் பொச்சுமட்டையும் தென்னம்பாளையும் எரியும் அடுப்பு. 2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது அடுப்பை மாற்றியவர்கள், விலையைப் பார்த்துத் திரும்பவில்லை. சென்னைப் போரூரின் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனத்தினர் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியிட்ட கணக்கில், 100க்கு இரண்டரைப் பேரளவில் இந்நோய் இருந்தது. தினம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சமையலில் நிற்போரிடம் அது 100க்கு மூன்று. விறகு எரிப்போருக்கும் காஸ் பாவிப்போருக்கும் இடையே கண்ட வித்தியாசம் சிறியது; அதை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சீகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் இந்நோய் வருகிறது என்பதில் ஐயமில்லை. எமது குழு அந்தக் குசினியின் கூரையோரத்தில் ஒரு முழம் திறந்து, அடுப்பை அங்கே நகர்த்தி, புகைபோக்கி வைத்தது. விறகைக் காயவைத்து எரிக்கும்படியும், படுக்கையறையில் நுளம்புத்திரிக்குப் பதிலாக வலை கட்டும்படியும் சொன்னோம். அவர் இப்போதும் வாசற்படியில் இருந்துதான் உள்ளே வருகிறார். அரித்துப்போன பிசிர் அத்தனையும் திரும்ப முளைப்பதில்லை. இந்த வருடம் இதுவரை இரண்டு தடவை மட்டும், சீட்டோடு, நுண்ணுயிர்க் கொல்லி எடுத்திருக்கிறார்.

சளிப் பரிசோதனைக்குப் போவோர் கவனிக்க: பரிசோதனை அரச நெஞ்சு நோய்ச் சிகிச்சை நிலையங்களில் இலவசம், கல்முனையிலும் நிலையம் உண்டு. கசம் என்று கண்டால் ஆறு மாதம் வரையான மருந்தும் இலவசமே. காலையில் எழுந்ததும், சாப்பிடுமுன், வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து, ஆழமாக இரண்டு மூன்று தடவை மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். வெளியில், திறந்த இடத்தில் நின்று எடுக்க வேண்டும். எச்சில் போதாது. போகும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்து அட்டைகளையும், வெறும் அட்டைகள் உட்பட, ஒரு பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள்.